முகமறியாதவரின் உரிமை

'நெருக்கம்' என்னும் தமிழ்ச் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. அன்பினால் அணுகியிருத்தல் ஒன்று. இடமின்மையால் இடிபட்டு நிற்றல் மற்றொன்று. முதற்பொருளில் நெருங்கியவர் நம் உற்றார்; இரண்டாம் பொருளில் நெருங்கியவர் யாரோ, எவரோ. அரபு மொழியில் கூட்ட நெரிசலைக் குறிக்கும் 'ஸஹ்மத்' என்ற சொல் 'ஸஹம' என்னும் வினையடியிலிருந்து பிறந்தது. நெருக்கித் தள்ளினான் என்பது அதன் பொருள். அரபியர் கூட்டத்துக்குப் பெயரிடும்போதே அங்கே தள்ளுமுள்ளு உண்டென்று ஒப்புக்கொண்டுவிட்டனர். தமிழரோ சற்றுத் தாராள மனத்தோடு, உறவுக்கு இட்ட பெயரையே நெரிசலுக்கும் இட்டுவைத்தனர்.

சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931 முதல் மின்சார ரயில் ஓடிக்கொண்டிருக்கிறது. காலை ஒன்பது மணிக்கு அதில் ஏறுகிறவர், தம் உடன்பிறந்தாரோடும் நின்றறியாத நெருக்கத்தில் ஒரு புதியவரோடு நிற்கிறார். தோளோடு தோள் உரசுகிறது. ஒருவர் விடும் மூச்சு மற்றவர் பிடரியில் படுகிறது. சைதாப்பேட்டையிலோ மாம்பலத்திலோ ஒருவர் இறங்கிவிட்டால், பெரும்பாலும் ஆயுளில் இருவரும் மறுபடி சந்திக்கப் போவதில்லை. உடலால் இத்தனை அணுக்கமும் உறவால் இத்தனை சேய்மையும் ஒன்றுகூடும் இடங்கள் மனித வாழ்வில் மிகச் சிலவே. அந்தப் புதியவருக்கு நாம் கடன்பட்டிருக்கிறோமா? பட்டிருந்தால் எவ்வளவு?

கேள்வி பெரிது; அதை எழுப்பும் நிகழ்ச்சிகளோ மிகச் சிறியவை. இறங்குவோர் இறங்குமுன் ஏற முண்டுவோர். வாயிலை அடைத்து நின்றுகொண்டு, 'அடுத்த ஸ்டேஷனில் இறங்கணும்' என்று நான்கு நிலையங்களாகச் சொல்லிவருவோர். பேருந்து இருக்கையில் தம் பையை ஒரு பயணியாக உட்காரவைப்போர். மருத்துவமனையில் சீட்டு வாங்கும் வரிசையில், முன்னால் நிற்கும் அறிமுகமானவரிடம் நலம் விசாரிப்பதுபோல் வந்து அப்படியே நடுவில் கரைந்துவிடுவோர். ஜன்னல் வழியே வெற்றிலைச் சாற்றைத் துப்பிப் பின் ஜன்னல்காரரின் சட்டைக்குச் சாயமேற்றுவோர். பட்டியலை நீட்ட வேண்டியதில்லை. வாசகர் ஒவ்வொருவரிடமும் சொந்தப் பட்டியல் ஒன்று இருக்கும்.

இவற்றுள் அண்மைக் காலத்தில் முதலிடம் பிடித்திருப்பது கைப்பேசி. முன்னர் இருவர் பேருந்தில் உரக்கப் பேசினால், கேட்கிறவருக்குக் கதை முழுமையாகவாவது கிடைக்கும். இப்போதோ ஒருவர் தம் கருவியின் ஒலியைத் திறந்துவிட, நொடிக்கொரு பாட்டும் சிரிப்பும் சண்டையுமாக மாறி மாறி அலற, ஐம்பது பேர் அதைக் கேட்டே தீரவேண்டியிருக்கிறது. கண்ணுக்கு இமை இருக்கிறது, காதுக்குக் கதவில்லை. இதை அறியாதவர் எவருமிலர்; ஆயினும் அந்த நேரத்தில் அவருடைய பார்வை திரையை விட்டு அகல்வதில்லை. திருவள்ளுவர் பொருட்பாலில் 'கண்ணோட்டம்' என்று ஓர் அதிகாரம் வகுத்தார். இக்காலப் பத்திரிகைத் தமிழில் அச்சொல் 'கருத்து' என்ற அளவுக்கு வற்றிவிட்டது. அவர் கருதியது வேறு: ஒருவர்மேல் கண் சென்றதும் அவர் நிலை கண்டு நெஞ்சு இளகுவதே கண்ணோட்டம். கண் ஓடாத இடத்தில் இரக்கமும் ஓடாது என்பது அச்சொல்லின் அமைப்பிலேயே அடங்கியிருக்கிறது. பக்கத்தில் இருப்பவர் தலைவலியால் நெற்றியைப் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்று கண்டால் பாட்டை நிறுத்திவிடக் கூடியவர்கள்தாம் பலர். காண்பதற்குத் தலை நிமிர வேண்டும். அங்கேதான் தடை.

'இந்த மக்கள் திருந்தமாட்டார்கள்' என்று பெருமூச்செறிவது படித்தவர்களிடையே ஒரு பொழுதுபோக்கு. அதில் நமக்கு உடன்பாடில்லை. 1980-களில் பேருந்தில் பயணம் செய்தவர்களுக்கு நினைவிருக்கும்: ஜன்னலோரத்தில் ஒருவர் பீடி பற்றவைத்தால் புகை பேருந்து முழுமைக்கும் பொதுச்சொத்து. பெண்கள் முந்தானையால் மூக்கை மூடிக்கொள்வார்கள், கைக்குழந்தைகள் இருமும், எவரும் வாய் திறக்கமாட்டார். பொது இடங்களில் புகைப்பதைத் தடுக்கும் மத்தியச் சட்டம் 2003-இல் வந்தது. அதற்கான விதிகள் 2008 அக்டோபர் 2 முதல் இறுகின. இன்று ஓடும் பேருந்துக்குள் ஒருவர் பீடியை எடுத்தால், நடத்துநர் வருமுன்னே பயணிகள் கேட்டுவிடுவார்கள். ஒரு தலைமுறைக்குள் நிகழ்ந்த மாற்றம் இது. 2015-இல் சென்னையில் மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கியபின் இன்னொன்றும் காண்கிறோம். மேலே தெருவில் எச்சில் துப்பிக்கொண்டு வந்த மனிதர், நிலத்தடி நிலையத்தில் கால் வைத்ததும் எவரும் சொல்லாமலே அடங்கிவிடுகிறார். தூய்மையான இடத்தை முதலில் கெடுப்பவராக இருக்க யாருக்கும் கூச்சமுண்டு. ஏற்கெனவே கெட்ட இடத்தில் ஆயிரத்தோராவது ஆளாக இருப்பதில் கூச்சமில்லை.

பற்றாக்குறையைக் காரணம் காட்டுவோரும் உளர். அதில் பாதி உண்மை உண்டு. பண்டிகைக் காலத்தில் முன்பதிவில்லாப் பெட்டியில் கைக்குழந்தையோடு ஏறப்போகும் குடும்பத் தலைவரிடம் போய், முண்டாதீர், வரிசையில் வாரும் என்று உபதேசிப்பது எளிது. வரிசையில் நின்றால் இடம் கிடைக்கும் என்ற உறுதியை அவருக்கு எவரும் தந்ததில்லையே! நூறு பேருக்கு ஒரு சாளரத்தைத் திறந்துவைத்து, அதையும் உணவு வேளைக்கு முன்னறிவிப்பின்றி மூடுகிறவர்கள், வெளியே நடக்கும் தள்ளுமுள்ளில் தங்களுக்குப் பங்கில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் முன்பதிவுப் பெட்டியின் கதை வேறு. அங்கே அவரவர்க்குப் படுக்கை உண்டு. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை உறங்கும் நேரம் என்று விதியும் உண்டு. எவரும் எதையும் இழக்கப் போவதில்லை. அங்கும் நள்ளிரவில் விளக்கு எரிகிறது, பாட்டு ஒலிக்கிறது, பிரியாணிப் பொட்டலம் பிரிகிறது. இதற்குப் பற்றாக்குறை பொறுப்பாகாது.

அப்படியாயின் எது பொறுக்கத்தக்கது, எது தகாதது என்று பிரிக்க ஓர் அளவுகோல் வேண்டும். நாம் கண்டவற்றுள் மிகத் தெளிவான அளவுகோல் 900 ஆண்டுகளுக்கும் முந்தியது. பாக்தாதின் நிஸாமிய்யாக் கல்லூரியில் பாடம் சொன்னவரும் 1111-இல் மறைந்தவருமான இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் 'இஹ்யா உலூமித்தீன்' ஆன்மிகப் பெருநூலென்றே பலராலும் அறியப்படுகிறது. அந்நூலில், நன்மையை ஏவித் தீமையைத் தடுக்கும் பகுதியில், தெருக்களில் நடக்கும் தீமைகளுக்கென்று ஒரு தனித் தலைப்பு இருக்கிறது. மதரஸாவில் ஓதுவோர் விரைந்து புரட்டிவிடும் பக்கங்கள் அவை. தெருவில் திண்ணையையும் தூணையும் நீட்டிக் கட்டி வழியைக் குறுக்குவது; பிராணிகளை வழியில் கட்டிவைப்பது; கசாப்புக்காரர் கடை வாசலிலேயே அறுத்துத் தெருவை இரத்தமாக்குவது; தர்ப்பூசணித் தோலை வழியில் எறிவது; கால் வழுக்கும்படி தண்ணீர் தெளிப்பது; குறுகிய சந்தில் கூரைத் தூம்பின் நீரை வழிப்போக்கர்மேல் விழவிடுவது; கடிநாயை வாசலில் கட்டுவது. ஞானத்தின் படித்தரங்களைப் பேசிய பேனா, தர்ப்பூசணித் தோலுக்கும் இறங்கிவந்து எழுதியிருக்கிறது! இன்றைய பக்தி நூலாசிரியர்கள் இறங்கிவரக் கூசும் இடம் அது.

பட்டியலைவிட முக்கியமானது அவர் வகுக்கும் வரம்பு. விறகுச் சுமையைத் தெருவில் இறக்கலாமா? வீட்டுக்குள் எடுத்துச் செல்லும் நேரமளவுக்கு இறக்கலாம். ஏனெனில் அது எல்லார்க்கும் நேரும் தேவை. பிராணியை நிறுத்தலாமா? ஏறி இறங்கும் நேரத்துக்கு நிறுத்தலாம். முட்சுமை ஏற்றிய பிராணி நெரிசலில் போவதால் மக்கள் உடை கிழிகிறதென்றால், முள் குத்தாதபடி இறுக்கிக் கட்ட முடியுமா, அகன்ற வழியாகப் போக முடியுமா என்று பார்க்க வேண்டும். முடிந்தும் செய்யாவிட்டால் குற்றம். முடியாதாயின் தடையில்லை, முள்ளும் ஊராருக்குத் தேவைதான். ஆக, ஒருவர் பொதுவிடத்தில் எடுத்துக்கொள்வது எல்லார்க்கும் உள்ள தேவையா, தேவைப்படும் நேரத்தோடு நிற்கிறதா, துன்பத்தைக் குறைக்கத் தம்மால் ஆனதைச் செய்தாரா என்னும் மூன்றையே அவர் கேட்கிறார். ரயிலில் அழும் குழந்தையையும் அலறும் கைப்பேசியையும் ஒரே தட்டில் வைக்கிற நம் எரிச்சலுக்கு இந்த வரம்பு நல்ல மருந்து.

சென்னை மண்ணடியில், ஒற்றை ஆள் நடக்கும் இடுக்கில், தலைக்கு மேல் மூட்டை ஏற்றிய சுமைதூக்குவோர் 'ஓரம், ஓரம்' என்று குரல் கொடுத்துக்கொண்டே போவதைப் பார்த்திருப்பீர்கள். கூட்டத்திலேயே மிகுந்த பாரம் சுமப்பவர் அவர்; மற்றவர் கால் எங்கிருக்கிறது என்று கவனிப்பவரும் அவரே. கை வீசி நடப்பவர் தெரு நடுவில் நின்று கைப்பேசியில் பேசுகிறார்.

முட்சுமையைப் பழங்கதை என்று தள்ளுவதற்கில்லை. 2019 செப்டம்பர் 12 அன்று சென்னைப் பள்ளிக்கரணையில், ஒரு திருமணத்துக்காகச் சாலையின் நடுத்தடுப்பில் கட்டியிருந்த பேனர் சரிந்து, இருசக்கர வண்டியில் சென்ற 23 வயதுப் பெண் நிலைகுலைந்து விழ, பின்னால் வந்த தண்ணீர் லாரி அவர்மேல் ஏறியது. மணமக்களை வாழ்த்தக் கட்டிய துணி அது. கட்டியவருக்கு அப்பெண்ணின் முகம் தெரியாது. தீங்கு செய்யும் எண்ணமும் இருந்திராது. எண்ணமில்லாமையே இங்கு வழக்கு. நம்மவர்களும் இதற்கு விலக்கல்லர். ஜும்ஆ நாளில் பள்ளிவாசல் தெருவில் இரு மருங்கிலும் வண்டிகளை நிறுத்தி, ஒரு மணி நேரத்துக்கு அத்தெருவார் எவரும் நோயுறவும் கூடாது என்பதுபோல் நடந்துகொள்வதுண்டு. உள்ளே போனால், பிந்தி வந்தவர் முன்வரிசை நன்மைக்காக உட்கார்ந்திருப்போர் தோள்களைத் தாண்டிக்கொண்டு வருகிறார். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் குத்பாவின் நடுவே இப்படித் தாண்டிவந்த ஒருவரை, பிறரைத் துன்புறுத்திவிட்டீர் என்று சொல்லி இருந்த இடத்தில் உட்காரச் செய்தார்கள். முன்வரிசையின் நன்மை பின்வரிசையின் வேதனையைக் கொண்டு வாங்கத்தக்கதன்று.

இனி நம் நெஞ்சை உறுத்தும் பகுதிக்கு வருகிறோம். மார்க்க அறிஞர்கள் குற்றங்களை இரு வகையாகப் பிரிப்பர். இறைவனுக்குரிய கடமையில் தவறியது ஒன்று. அதற்குத் தௌபாவின் கதவு திறந்திருக்கிறது. அடியார்களின் உரிமையில், அதாவது 'ஹக்குல் இபாதில்', கைவைத்தது மற்றொன்று. அதை உரியவர் மன்னித்தாலன்றித் தீராது. இதனாலன்றோ நம் ஊர்களில் ஹஜ்ஜுக்குப் புறப்படுகிறவர், உறவினர் வீடு, அண்டை வீடு, மனத்தாங்கல் கொண்ட பங்காளி வீடு என்று படியேறி, அறிந்தும் அறியாமலும் செய்ததைப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டு வருகிறார்! அழகிய வழக்கம். ஆனால் அவர் ஏறாத படிகளை எண்ணிப் பாருங்கள். போன வருடம் தாம்பரம் பேருந்து நிலையத்தில் முழங்கையால் தள்ளி ஏறினாரே, அங்கே கீழே நின்றுவிட்ட கிழவியின் வீடு எது? வரிசையில் இடை நுழைந்ததால் அன்று மருத்துவரைப் பாராமல் திரும்பிய மனிதர் எந்த ஊர்? இரவெல்லாம் உறக்கம் கெட்டு, காலையில் நேர்முகத் தேர்வுக்குச் சென்ற இளைஞரின் பெயர் என்ன?

உற்றாருக்கு இழைத்த தீங்கு பெரிதாயிருந்தாலும் அதற்கு ஒரு முகவரி உண்டு. நாளையோ, பெருநாளன்றோ, மரணப் படுக்கையிலோ சரிசெய்துகொள்ளலாம். கூட்டத்தில் இழைத்தது எவ்வளவு சிறிதாயினும், ரயில் நின்று புறப்பட்ட அந்தக் கணத்தோடு அதன் உரிமையாளர் மறைந்துவிடுகிறார். உரியவர் தெரியாத பொருள் கையில் தங்கிவிட்டால் அவர் பேரால் தருமம் செய்துவிடலாம் என்று சட்ட நூலார் வழி சொல்வர். பறித்த தூக்கத்தை எந்த ஏழைக்குத் தருமம் செய்வது? உலக வழக்கோ இதற்கு நேர்மாறாக ஓடுகிறது. வீட்டில் பணிவு, சபையில் கண்ணியம், தெரிந்தவர் எதிரே நாணம். அறிமுகமற்றவர் நடுவில் மட்டும் எல்லாக் கட்டும் அவிழ்ந்துவிடுகிறது. 'நம்மை இங்கே யாருக்குத் தெரியும்?' என்பது அதற்கு அனுமதிச் சீட்டு. திருத்திக்கொள்ள வாய்ப்புள்ள இடத்தில் கவனமாகவும், வாய்ப்பே இல்லாத இடத்தில் கவனமின்றியும் நடப்பது எந்தக் கணக்கில் சேரும் என்பது நமக்கு விளங்கவில்லை.

இத்தனை அற்பச் செய்திகளுக்கு மறுமைக் கணக்கு எதற்கு என்று சிலர் நகைக்கலாம். சாதாரணக் கணக்கே போதும். ஒருவர் வாயிலை மறித்து நின்றதால் வண்டி ஒரு நிமிடம் தாமதித்ததென்று கொள்வோம். அதில் 1,000 பேர் இருந்தால் 1,000 நிமிடங்கள். பதினாறு மணி நேரத்துக்கும் அதிகம். ஒரே மனிதரிடமிருந்து பதினாறு மணி நேரத்தைப் பறித்தால் அதற்குச் சிறைவைத்தல் என்று பெயர். ஆயிரம் பேரிடம் சிறுகச் சிறுகப் பறித்தால் பெயரே இல்லை.

ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். நெரிசலில் உயிர் போகும் பெருவிபத்துகளை இந்தக் குற்றத்தோடு சேர்த்துப் பேசுவது முறையாகாது. 1990 ஜூலையில் மினாவுக்குச் செல்லும் சுரங்கப் பாதையில் 1,426 ஹாஜிகள் மாண்டனர். அத்தகைய நெரிசலில் மார்பு விரிந்து மூச்செடுக்க இடமின்றி நின்றபடியே மடிகிறவர்கள் பலர். அந்த அடர்த்தியில் எவரும் எவரையும் தள்ளுவதில்லை; கூட்டமே அலையாகிக் கொண்டுபோகிறது. இறந்தவர்களையே 'முண்டியடித்தார்கள்' என்று எழுதுவது கொடுமை. அங்கே கேள்வி, வழிகளை வகுத்தவர்களை நோக்கியது. ஜம்ராவில் பழைய பாலத்தை இடித்துப் பல அடுக்குப் பாலம் கட்டியது உபதேசத்தால் முடியாததைச் செய்தது. தனிமனிதனின் பொறுப்பு, கூட்டம் இறுகுமுன் இருக்கும் அந்தச் சிறு இடைவெளியில்தான். பெருமானார் (ஸல்) அவர்கள் உமர் (ரலி) அவர்களிடம், நீர் வலிமையுள்ளவர், ஹஜ்ருல் அஸ்வதின் அருகே நெருக்கிப் பலவீனரைத் துன்புறுத்தாதீர், வழியிருந்தால் தொடும், இல்லையேல் அதை நோக்கித் தக்பீர் சொல்லிச் செல்லும் என்று கூறியதாக வரும் அறிவிப்பு இங்கே கருதத்தக்கது. இடைவெளி இருக்கும்போதே, வலியவருக்கே சொல்லப்பட்டது அது.

துன்பப்படுகிறவர் என்ன செய்வது? பொறுத்துப் போவது பலர் வழக்கம். அது பொறுமையா, சண்டைக்கு அஞ்சும் சோம்பலா என்பது அவரவர்க்கே தெரியும். கஸ்ஸாலி (ரஹ்) தடுத்துச் சொல்வதற்கும் படிகள் வைத்திருக்கிறார். நடந்தது இன்னதென்று தானே தெளிவாக அறிவது முதற்படி. செய்கிறவருக்கு மென்மையாக அறிவிப்பது இரண்டாம் படி. கண்டிப்பும் கடுஞ்சொல்லும் அதற்கும் அப்பால். அறிவிப்பதை முன்னால் வைத்ததன் நுட்பம் பெரிது. தவறு செய்கிறவர் பெரும்பாலும் தெரியாமல் செய்கிறார் என்பதும், தெரியாமையைச் சுட்டுவதே ஒருவருக்கு வலிக்கும் என்பதும் அவருக்குத் தெரியும். நாமோ மூன்று மணி நேரம் வாய்மூடி இருந்துவிட்டு, எடுத்த எடுப்பில் கடைசிப் படியிலிருந்து குதிக்கிறோம்.

எழும்பூரிலிருந்து தெற்கே போகும் இரவு வண்டி ஒன்றில் இதை நாம் கண்டதுண்டு. செங்கற்பட்டு தாண்டிப் பத்தரை மணி இருக்கும். எதிர்ப்படுக்கை இளைஞர் கைப்பேசியில் நகைச்சுவைக் காட்சிகளைச் சத்தமாக ஓடவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். கீழே ஒரு மூதாட்டி புரண்டு புரண்டு படுத்தார். திடீரென்று நடுப்படுக்கைக்காரர் எழுந்து, அறிவிருக்கிறதா, வீட்டில் வளர்த்தார்களா என்று தொடங்கினார். இளைஞரும் விடவில்லை. அதுவரை நான்கைந்து பேர் உறக்கம்தான் கெட்டிருந்தது. இப்போது பெட்டி முழுவதும் விழித்துக்கொண்டது. குழந்தைகள் அழுதன. அப்போது பக்கவாட்டு இருக்கையிலிருந்த பெரியவர் எழுந்துவந்து, இளைஞரின் தோளருகே குனிந்து, "தம்பி, கீழே அம்மா மாத்திரை போட்டுப் படுத்திருக்காங்க. சத்தத்தைக் கொஞ்சம் குறைச்சுக்கலாமா?" என்றார். இளைஞர் எட்டிக் கீழே பார்த்தார். "கவனிக்கலைங்கய்யா" என்று சொல்லிப் பையைத் துழாவிக் காதொலிக் கருவியை எடுத்து மாட்டிக்கொண்டார். விழுப்புரம் வருவதற்குள் நடுப்படுக்கைக்காரரின் குறட்டை பெட்டியின் அந்தக் கோடி வரைக்கும் கேட்டது. அதை எவர் குற்றம் சொல்வது? மூதாட்டி முந்தானையைக் காதைச் சுற்றிப் போர்த்துக்கொண்டு திரும்பிப் படுத்தார். இளைஞருக்கு மட்டும் அது கேட்டிருக்க வழியில்லை.